மௌன விரதத்தில் இருந்தவரிடம் நான் கேட்டது

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. லாரியில் கிளீனர், திருப்பூரில் சாயப்பட்டறை, ஓசூரில் ஓட்டல் வேலை என்று சுற்றிவிட்டுத் திருவண்ணாமலைக்கு வந்து ஆட்டோ ஓட்டத் தொடங்கினேன். வேங்கிக்காலை ஒட்டிய ஏரிக்கரையில், அஞ்சலை அக்கா வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட அறையில் குடியிருந்தேன். காய்ச்சலில் பதினைந்து நாள் படுத்தபோது கஞ்சி கொடுத்தவர் அவர்தான்.

தை மாதம், ஏரிக்கரை வீடுகளைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினார்கள். அக்காவின் மகள் கவிதாவுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

“வீட்ட இடிச்சிக்கட்டும்டா, வேணாங்கல. பொண்ணு பரீட்ச முடிக்கிற வரைக்கும் டைம் குடுத்தா போதும். திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கறாங்களே, நானும் போறேன்” என்றார் அக்கா.

அதற்கு முந்தைய ஞாயிறு காலை, ராஜகோபுரத்துக்கு எதிரே என் வண்டியில் இருவர் ஏறினார்கள். ஒருவரைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது. மேடைப் பேச்சாளர். ஏழைகளுக்காக அவர் பேசாத மேடை இல்லை. சவாரி இல்லாத நேரமெல்லாம் போனில் அவர் பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

“ஐயாவுக்கு முட்டி வலி. வண்டியிலயே கிரிவலம். மௌன விரதம், பேசமாட்டாரு. எட்டு லிங்கத்துலயும் நிறுத்து” என்றார் கூட வந்த உதவியாளர்.

அவர் பேசமாட்டார் என்றதும் நான் பேச ஆரம்பித்தேன். இந்திர லிங்கத்தில் தொடங்கியது. எந்த ஊரில் என்ன பேசினார், எந்த இடத்தில் கூட்டம் அழுதது, எதைக் கேட்டு நான் பீடியை விட்டேன், எல்லாம் சொன்னேன். கண்ணாடியில் பார்த்தேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார். பதினான்கு கிலோமீட்டரில் பாதிக்கு மேல் இப்படியே போனது. ஏழாவதான குபேர லிங்கம் தாண்டிய பிறகுதான் வீட்டு நினைப்பே வந்தது.

“ஐயா, ஏரிக்கரையில எங்க வீட்ட எடுக்கறாங்க. ஒரு பொண்ணு பிளஸ் டூ எழுதுது. பரீட்ச முடியற வரைக்கும் டைம் வேணும். கலெக்டர் ஆபீஸ்ல ஒரு வார்த்த சொல்றீங்களாய்யா?”

தலையாட்டினார். இறங்கும்போது என் தோளில் கை வைத்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.

நேராக அக்காவிடம் ஓடினேன். அவர் நம்பவில்லை.

“வாயத் தொறந்து சொன்னாரா?”

“மௌன விரதம்கா. தலைய ஆட்டுனாரு.”

“கோயில் மாடுகூடத்தான் தலைய ஆட்டுது.”

“உனக்கு அவரத் தெரியாதுக்கா. அவரு மேல சொல்லிக்கினு இருக்கும்போது நாம கீழ போயி மனுவ நீட்டினா, அவர நம்பாத மாதிரி ஆயிடும். போவாத.”

என் பேச்சைக் கேட்டு அக்கா திங்கட்கிழமை போகவில்லை. பக்கத்து வரிசைக்காரர்கள் போனார்கள். படிக்கிற பிள்ளைகள் இருக்கும் வீடுகளைத் தேர்வு முடியும் வரை தொடமாட்டோம் என்று அவர்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். வியாழக்கிழமை ஜேசிபி வந்தது. அக்கா, மகளின் ஹால் டிக்கெட்டைக் காட்டிக் கெஞ்சினார். “மனு குடுத்த லிஸ்ட்ல உங்க பேர் இல்லையேம்மா” என்றார்கள். என் தகர அறையும் போனது. எனக்கு அது பெரிதில்லை, ஒரு பையில் அடங்குகிற வாழ்க்கை.

அக்கா கீழ்பென்னாத்தூரில் தம்பி வீட்டுக்குப் போனார். கவிதா அங்கிருந்து பஸ்ஸில் வந்து தேர்வு எழுதினாள். கணக்கில் பெயிலாகிவிட்டாள்.

விட்டுப்போன பாத்திரங்களைக் கொடுக்கப் போனபோது, கவிதா போனை நீட்டினாள். “மாமா, இது நீங்கதான?”

வீடியோவில் அந்தப் பேச்சாளர் ஏதோ மேடையில் பேசிக்கொண்டிருந்தார். “திருவண்ணாமலையில் ஓர் ஆட்டோக்காரர் வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தார். நான் மௌனம். என் பேச்சைக் கேட்டுப் பீடியை விட்டாராம். அன்றைக்குத்தான் தெரிந்தது, அடுத்தவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதே பெரிய தவம்.” கைதட்டல் நிற்க நேரமானது.

அக்கா முடியும் வரை பார்த்தார். “பீடி வரைக்கும் ஞாபகம் வச்சிக்கினு சொல்றாரு. நம்ம வீட்டப் பத்தி இன்னும் வரலியேடா. வீடியோ இன்னும் இருக்குதா?”

“இல்லக்கா. அவ்ளோதான்.”

அவர் போனை மகளிடம் கொடுத்துவிட்டுப் பாத்திரங்களை எடுத்து வைக்கப் போனார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இன்னொரு தடவை அந்த வீட்டுக்குப் போயிருப்பேன்.

இந்த ஊர் ஸ்டாண்டுக்குப் பெரிய மனிதர்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். யாராவது ஏறினால் என்ன பேசுவது என்று புதிதாக வண்டி ஓட்டுகிறவர்கள் கேட்கிறார்கள். புகழ வேண்டுமென்றால் புகழ்ந்துகொள். வேண்டியது ஏதாவது இருந்தால் முதல் லிங்கத்திலேயே கேட்டுவிடு. வாயால் பதில் வராவிட்டால், பதில் வரவில்லை என்றே வீட்டில் போய்ச் சொல் என்கிறேன்.