மூன்று சிலிண்டருக்கு மஞ்சள் தண்ணீர்

எங்கள் கார் இஞ்சின் எண்ணூறு சிசி. எண்ணூறு என்றதும் ஏதோ பெரிதாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பானெட்டைத் திறந்தால் ஒரு மூலையில் கூச்சப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சுற்றியுள்ள சந்துகளில் எட்டிப் பார்த்தால் கீழே தரை தெரியும். ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது என் தோட்டின் திருகாணி உள்ளே விழுந்தது. விழுந்தது எங்கும் மாட்டாமல் நேராக மண்ணுக்குப் போய்விட்டது, எடுத்துப் போட்டுக்கொண்டேன். இந்தக் காலத்து வண்டியில் விழுந்திருந்தால் பாதி இஞ்சினைக் கழற்றியிருக்க வேண்டும். இந்தத் திருகாணிக் கதையைச் சொல்லிச் சொல்லியே ஊரில் பாதிப் பேருக்குக் காது புளித்துவிட்டது.

கம்பைநல்லூர் பக்கம் எங்களுக்கு நாற்றுப் பண்ணை. தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றுகளைக் குழித்தட்டுகளில் வளர்த்துக் கொடுக்கிறோம். பின் சீட்டை மடித்துவிட்டால் தட்டுகள் அடுக்கடுக்காக உள்ளே போய்விடும். ஓட்டுவது நான். மொரப்பூர், அரூர், தருமபுரி என்று தோட்டம் தோட்டமாகப் போய் இறக்கிவிட்டு வருவேன். நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதும் இதில்தான், வேலிக்கல்லில் இடித்ததும் இதில்தான்.

இந்தச் சின்ன இஞ்சினை ஓட்டுகிற சுகம் இருக்கிறதே, அடடா! பெரிய வண்டிக்காரர்கள் இஞ்சினில் கால்வாசியைக்கூட வேலை வாங்காமல் தூங்கி வழிந்துகொண்டே போவார்கள். எனக்கு அப்படியில்லை. இருக்கிற அத்தனையையும் நான் செலவழிப்பேன். செகண்ட் கியரில் காலை அழுத்தினால் 'வ்வ்ர்ர்' என்று ஒரு சத்தம், குட்டி என்றாலும் ரோஷமான சத்தம். தேர்டுக்கு மாற்றினால் ஒரு சின்ன இழுப்பு. ஐம்பதில் போகும்போதே எனக்கு நூறில் பறக்கிற குஷி வந்துவிடும். தனியாகப் போகும்போது நானே வாயால் 'வ்வ்ர்ர்' என்று கூடச் சேர்ந்து பாடியிருக்கிறேன். யாராவது பார்த்திருந்தால் பார்த்திருக்கட்டும், எனக்கென்ன?

அதற்கு ஒரே ஒரு குணம் உண்டு. மூன்று சிலிண்டர் இல்லையா, ஸ்டார்ட் செய்தாலும் நிறுத்தினாலும் உடம்பை ஒரு உலுக்கு உலுக்கும். டேஷ்போர்டில் இருக்கிற பிள்ளையார் பொம்மை தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டும். ஓடிக்கொண்டே சும்மா நிற்கும்போதும் லேசாக நடுங்கும். ஆனால் அந்த நேரத்தில் ஆக்சிலேட்டரை ஒரு மயிரிழை அளவுக்கு அழுத்தினால், நடுக்கம் நின்று அப்படியே வழவழவென்று ஓடும். அந்த மயிரிழை எங்கே இருக்கிறது என்று என் கால் கட்டைவிரலுக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த வண்டியை விற்றுவிடுவது என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் முடிவு செய்தார். பழையதைக் கொடுத்துவிட்டுப் புதிதாகப் பெரிய வண்டி. ஷோரூம்காரர் திங்கட்கிழமை வந்து எடுத்துப் போவதாகப் பேச்சு.

"ஏம்மே, ஹைவேல எவனாச்சும் லாரிக்காரன் லேசா உரசுனாலே இது அப்பளமா நொறுங்கிடும். உனக்கு ஒன்னு ஆச்சுன்னா நான் என்ன பண்றது?" என்றார்.

அக்கறையில் பேசுகிற மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது? ஆனாலும் போட்டேன். தட்டு தட்டாக நாற்றைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டே, பண்ணை முழுக்கக் கேட்கிற மாதிரி போட்டேன். அவர் அசையவில்லை. ஞாயிறு இரவு குடும்பமே கூடிப் பேசிக்கொள்ளலாம் என்றார். ஞாயிறு இரவு பேசி, திங்கள் காலையில் என்ன மாறப்போகிறது?

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் குலதெய்வம் கோயிலில் எங்கள் கெடாவெட்டு. கோயில் ஒரு கரட்டின் மேல் இருக்கிறது. கரடு என்றால் மலை என்று சொல்ல முடியாத பாறைக்குன்று. மேலே போகிற மண்பாதையில் இரண்டு பக்கமும் முள். என் வீட்டுக்காரரின் அண்ணன், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், தன் புதிய பெரிய காரைக் கீழேயே நிறுத்திவிட்டார்.

"பெயிண்ட்ல கோடு விழுந்துடும்மா. நாங்க நடந்தே வந்துடறோம்" என்றார்.

"அப்ப கெடா?"

"கெடா உன் வண்டியில வரட்டும். நம்ம வண்டி சீட்டெல்லாம் லெதர்."

ஆக, பின்னால் கெடா, அதன் பக்கத்தில் பொங்கல் பானை, விறகு, வாழை இலைக்கட்டு. முன்னால் என் பக்கத்தில் அத்தை, அதாவது என் மாமியார். அத்தைக்கு முழங்கால் வலி. மாமாவின் வண்டியில் ஏற அவருக்கு ஒரு முக்காலி போட வேண்டும், இறக்க இரண்டு ஆள் வேண்டும். என் வண்டியில் அவர் பாட்டுக்குக் கதவைத் திறந்து உட்கார்ந்துகொள்வார். சந்தைக்கு, ஆஸ்பத்திரிக்கு, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு எல்லாம் நாங்கள் இருவரும் இதில்தான்.

ஃபர்ஸ்ட் கியர். வண்டி ஏறியது பாருங்கள்! கெடா என் காதுக்குள் மூச்சு விட்டது. பானை உருண்டு கெடாவை இடித்தது, கெடா 'மே' என்று கத்தியது, இஞ்சின் அதைவிடப் பெரிதாகக் கத்தியது. அத்தை முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஓட்டு கண்ணு, ஓட்டு!" என்று அவரும் கத்தினார். நடந்து வந்த மொத்தப் பங்காளிகளையும் புழுதியில் விட்டுவிட்டு எண்ணூறு சிசி மேலே வந்து நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் இது என்னுடையது இல்லை என்பது அந்த ஏற்றத்தில் சுத்தமாக மறந்தே போயிருந்தது.

நான் இஞ்சினை நிறுத்தவில்லை. ஏற்றம் ஏறி வந்தால் உடனே நிறுத்தக் கூடாது, கொஞ்சம் மூச்சு வாங்க விட வேண்டும் என்று தருமபுரியில் எங்கள் மெக்கானிக் பாய் சொல்லியிருக்கிறார். அதனால் ஓட விட்டபடியே உட்கார்ந்திருந்தேன். அதற்குள் எல்லாரும் வந்து சேர்ந்து, கெடாவை இறக்கி, மாலை போட்டு, சாமி முன்னால் நிறுத்தினார்கள்.

எங்கள் பக்கத்தில் கெடாவைச் சும்மா வெட்டிவிட மாட்டோம். மஞ்சள் தண்ணீரைத் தெளித்துவிட்டுக் காத்திருப்போம். அது உடம்பை உதறி உலுக்க வேண்டும். அதற்குத் துளுக்குவது என்று பெயர். துளுக்கினால் சாமி சரி என்று சொல்லிவிட்டது. துளுக்காவிட்டால், எவ்வளவு பெரிய மனிதர் வீட்டு விருந்தாக இருந்தாலும் கத்தியைத் தொட முடியாது. அன்றைக்குத் தண்ணீர் பட்டவுடனே கெடா துளுக்கிவிட்டது, பாவம்.

சொம்பில் தண்ணீர் மிச்சம் இருந்தது. மாமா விளையாட்டாக, "அந்த வண்டிக்கும் ரெண்டு தெளி தெளிச்சுக் கேட்டுடலாம்டா. நாளைக்கு அதையும்தான அனுப்பறோம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

"அதென்ன சிரிப்பு? வண்டி வாங்குனப்ப இங்கதான பூசை போட்டோம்? சாமியக் கேக்காம எப்படி விக்கறது? கேளுடா" என்றார் மகனிடம்.

என் வீட்டுக்காரர் சொம்பை வாங்கினார். காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மெதுவாக ஒரு சிரிப்பு சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. பாவி மனுஷன்! இந்த வண்டி துளுக்காமல் இருக்காது என்று அவருக்குத் தெரியாதா?

"சாமி, இந்த வண்டிய விக்கலாம்னா துளுக்கட்டும்" என்று சத்தமாகச் சொல்லி, பானெட்டில் தண்ணீரைத் தெளித்தார்.

எனக்குக் கண்ணெல்லாம் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனால் கால் விழித்துக்கொண்டிருந்தது. கட்டைவிரல் தானாகவே அந்த மயிரிழையைத் தேடிப் பிடித்தது. நடுக்கம் நின்றது. பிள்ளையார் கற்சிலையாக உட்கார்ந்துவிட்டார். ஒரு ஈ வந்து என் மூக்கின் மேல் உட்கார்ந்தது, நான் ஓட்டவில்லை. பங்காளிகள் அத்தனை பேரும் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் முறை தெளித்தார். என் ராசாத்தி அசையவில்லை.

"ஏம்மே, ஆக்சிலேட்டர மிதிக்கறியா?"

"யாரு? நானா? காலு கீழதாங்க இருக்கு." ஆக்சிலேட்டரும் கீழேதானே இருக்கிறது!

மூன்றாம் முறை சொம்பையே கவிழ்த்தார். மஞ்சள் தண்ணீர் பானெட்டில் வழிந்து நம்பர் பிளேட்டில் சொட்டியது. மாமா கையைத் தூக்கிவிட்டார். "துளுக்கலடா தம்பி! துளுக்கல!"

நான் ஜெயித்துவிட்டேன் என்று குதிக்கப் போனேன். என் வீட்டுக்காரர் ஜன்னலில் கையை ஊன்றினார்.

"சரி, துளுக்கல. ஒத்துக்கறேன். ஆஃப் பண்ணிட்டு எறங்கி வா, பொங்கல் வைக்கணும்."

மறுபடியும் அதே சிரிப்பு.

நிறுத்தினால் உலுக்கும். அத்தனை பேர் முன்னால், பானெட்டில் மஞ்சள் ஈரம் காய்வதற்குள், நல்லாத் துளுக்கும். அப்புறம் சாமி சம்மதம் சொன்னதாகத்தான் ஆகும்.

"இஞ்சின் சூடா இருக்குதுங்க. ஆறட்டும்."

"ஆறட்டும், ஆறட்டும். எனக்கென்ன அவசரம்?" என்று எதிரே இருந்த வேப்பமர நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார்.

பொங்கல் பொங்கியது, குலவை போட்டார்கள். நான் உள்ளே இருந்தபடியே கும்பிட்டேன். கறி வெந்த வாசனை வந்தது. வலது கால் மரத்துப் போனது. விற்கப் போகிற வண்டிதானே என்று பெட்ரோலும் நிறையப் போட்டிருக்கவில்லை, முள் சிவப்புக்கு இறங்கிக்கொண்டிருந்தது. தீர்ந்தால் தானாகவே ஒரு உலுக்கு உலுக்கி நின்றுவிடும். இந்தச் சின்ன இஞ்சின் எவ்வளவு குறைவாகக் குடிக்கும் என்று ஊரெல்லாம் பெருமை பேசியவள், 'இன்னும் கொஞ்சம் குறைச்சுக் குடி கண்ணு' என்று அதனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

அப்போது அத்தை ஒரு கையில் வாழை இலையில் பொங்கலும், மறு கையில் அந்தச் சொம்புமாகக் காலை இழுத்து இழுத்து வந்தார். ஜன்னலில் குனிந்து என் காலைப் பார்த்தார். பிள்ளையாரைப் பார்த்தார். எத்தனை வருஷமாக அந்தப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிறவர்!

"கால எடுக்காத. நான் இப்பப் போயி சாமிகிட்ட இன்னொன்னு கேட்டுட்டு வந்தேன்" என்றார், மரத்தடிவரைக்கும் கேட்கிற மாதிரி.

என் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். "என்னம்மா கேட்ட?"

"இந்த வண்டி இவகிட்டயே இருக்கட்டுமான்னு கேட்டேன்." சொம்பின் அடியில் ஒட்டியிருந்த கடைசிச் சொட்டு மஞ்சள் தண்ணீரைக் கண்ணாடியில் சுண்டிவிட்டார். "ம். இப்ப ஆஃப் பண்ணு கண்ணு."

சாவியைத் திருப்பினேன். ஐயோ, அது துளுக்கிய துளுக்கு! பம்பரிலிருந்து டிக்கி வரைக்கும் உதறியது. கதவு கடகடத்தது, பின்னால் விட்டுப்போயிருந்த பானை மூடி கீழே விழுந்தது, பிள்ளையார் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். பங்காளிகள் ஓவென்று கூச்சல் போட்டார்கள். அத்தை கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். நான் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

என் வீட்டுக்காரர் தன் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இடுப்பில் கை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். பிறகு, "ஹைவேக்கு மட்டும் எடுத்துட்டுப் போவாத, அவ்ளோதான்" என்றார். நான் பிள்ளையாரைவிட வேகமாகத் தலையை ஆட்டினேன்.

அங்கேயே போனை எடுத்து ஷோரூம்காரரைக் கூப்பிட்டார். "அண்ணே, நாளைக்கு வர வேணாங்க. வண்டி குடுக்கறதில்லீங்க. இல்லீங்க, வெலையெல்லாம் ஒன்னும் இல்லீங்க." ஒரு நிமிஷம் தயங்கினார். "துளுக்கிடுச்சுங்க."

அந்தப் பக்கம் இருந்தவரும் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள்தான் போலிருக்கிறது. அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்காமல், சரிங்க என்று போனை வைத்துவிட்டார்.