ஈக்குத் தெரிந்த நாள்

இரண்டு நாள் வெயிலில் கிடந்த சூரை மீன் துண்டைக் கம்பிக் கூண்டுக்குள் வைத்து, கூண்டை எண்ணெய்ப்பனை மட்டையில் கட்டிவிட்டு, ஐயாவு குந்தி உட்கார்ந்துகொண்டார். மூக்கைப் பொத்திக்கொண்டது, அவரோடு சில நாள் இருந்து பார்க்க வந்திருந்த நான் மட்டும்தான். முதல் ஈ வந்து உட்காரும் வரை அவர் பேசமாட்டார், பீடி பற்றவைக்கமாட்டார். அது வந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொள்வார். அன்றைக்கு நான்கு நிமிடம். "ஜல்தி வந்துட்டா," என்றார். ஈக்கள் எல்லாமே அவருக்குப் பெண்பிள்ளைகள். முட்டையிட வருவது பெண் ஈதான் என்பதால் அதில் பிழையும் இல்லை.

போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் போய்ச் சேர வேண்டிய ஹட் பேயில், கைவிடப்பட்ட பனைத்தோட்டத்தின் ஓரமாக, பூச்சிகளை ஆராயும் சிறிய நிலையம் ஒன்று இருக்கிறது. இரண்டு அறை, ஒரு தகரக் கொட்டகை. ஐயாவு அங்கே தினக்கூலி மஜ்தூர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தாய் தகப்பன் இலங்கைத் தேயிலை மலையிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். படிப்பு எட்டாவதோடு சரி. மெயின்லேண்டிலிருந்து வரும் ஆராய்ச்சி மாணவர்கள் நுண்ணோக்கியில் கண்ணை இடுக்கிக்கொண்டு தேடுகிற வித்தியாசத்தை இவர் வெறுங்கண்ணால் பார்த்துச் சொல்லிவிடுவார். அவர்களுக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

டீக்கடையில் யாராவது ஈயை அடிக்கக் கை ஓங்கினால் அவர் முகம் சுருங்கிவிடும். "மாங்காப் பூவுக்குத் தேனீ மட்டுமா போவுது? இவளுகளும்தான் போறாளுக. செத்த மாடு பத்து நாள்ல எங்க போச்சுன்னு நெனைக்கிறீங்க? இவளுக இல்லன்னா தீவு பூரா நாத்தம்தான், மாலூம்?" என்பார். கொசுவுக்காகவும் பேசுவார். இரண்டு முறை மலேரியாவில் படுத்து எழுந்த மனிதர், "கொசுப்புழு இல்லன்னா குட்டையில மீன் குஞ்சு எதைத் திங்கும்?" என்று கேட்கும்போது கடைக்காரர் ஹட் பே வழக்கப்படி "டீக் ஹை, டீக் ஹை" என்று முடித்துவைப்பார். பஸ்ஸில் இவர் பக்கத்து இருக்கை எப்போதும் காலிதான். எலுமிச்சம்பழம் போட்டுக் கை கழுவியும் அந்த வாடை போவதில்லை.

நிலையத்தின் விஞ்ஞானி சௌமியா, ஒரு பிணத்தில் எந்த ஈ எந்த நாளில் வந்து, எத்தனை நாளில் வளர்கிறது என்று அறிந்து சாவு நாளைக் கணக்கிட, செத்த பன்றிகளைத் தோட்டத்தில் போட்டு வைப்பார். பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவது ஐயாவு. முட்டை, புழு, கூட்டுப்புழு, ஈ. இந்த வெக்கையில் பச்சையாக மினுங்கும் ஈக்கு ஒன்பது நாள். பத்துப் பன்றிகளில் பார்த்துவிட்டார், ஒன்பதுதான்.

ஊரில் அவர் நடக்காத தெரு ஒன்று உண்டு. சொர்ணம்மாவின் இட்லிக்கடை இருக்கிற தெரு. சந்தைக்குப் போக அதுதான் குறுக்குவழி, இருந்தும் சுற்றித்தான் போவார். காரணம் கேட்டேன். சொல்ல அவருக்கு இரண்டு நாள் பிடித்தது.

போன மாசியில் சொர்ணம்மாவின் கணவர் தேவேந்திரன் ஒரு திங்கட்கிழமை காலை விறகுக்குப் போனவர் திரும்பவில்லை. அன்றைக்குக் கப்பல் நாள். முந்தின நாள் வீட்டில் சண்டை. "கோவிச்சுக்கிட்டு போர்ட் பிளேருக்குக் கப்பல் ஏறிருப்பாரு, தன்னால வருவாரு," என்று சொர்ணம்மாவே எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். தோட்டத்தில் யாரும் தேடவில்லை. சனிக்கிழமைதான் ஓடைப் பள்ளத்தில், கட்டிய விறகோடு, இடுப்பு ஒடிந்து கிடந்தவரைக் கண்டார்கள். விழுந்த மாத்திரத்தில் உயிர் போயிருக்கும் என்று ஊரே சொல்லி அவளைத் தேற்றியது. போலீஸ் கேட்டுக்கொண்டதால் அந்த உடலிலிருந்து புழு எடுத்தவர் ஐயாவு. கொட்டகையில் ஈரலில் வைத்து வளர்த்தார். அடுத்த வெள்ளிக்கிழமை பச்சை ஈ வெளியே வந்தது. ஒன்பது நாளைப் பின்னோக்கி எண்ணிப் பார்த்தவர் அன்று சோறு தின்னவில்லையாம்.

நான் ஊர் திரும்பக் கப்பலுக்குக் காத்திருந்த காலை, சொர்ணம்மா கொட்டகைக்கே வந்துவிட்டாள்.

"அண்ணே, மாசி பொறக்கப் போவுது. நாள் தெரியாதவங்களுக்கு அமாவாசையில திதி குடுக்கலாம்னு அவரு தம்பி சொல்றாரு. நாள் தெரியாம போறதுக்கு அவரு என்ன அநாதையா?"

மடியிலிருந்து ஆறு நாட்காட்டித் தாள்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தாள். போன வருடத்துத் தாள்கள். திங்கள் சப்தமி தொடங்கி சனி துவாதசி வரை.

"சர்டிபிகேட்ல சனிக்கெழமன்னு இருக்கு. அது கெடச்ச நாளு. போன நாளு உங்க பூச்சிக்குத் தெரியுமாமே. எதுண்ணே?"

சௌமியா மேடம் மெயின்லேண்டில் இருக்கிறார், வந்ததும் கேள் என்று அவர் அனுப்பியிருக்கலாம். திங்கள் என்று சொல்லியிருந்தாலும் மறுக்க அங்கே ஆள் இல்லை. சொல்லிவிடக் கூடாதா என்று நினைத்தேன். ஆராய்ச்சி எக்கேடு கெட்டால் என்ன, இந்தப் பெண் நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான் நான் வேண்டிக்கொண்டேன்.

ஐயாவு கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். "தப்பான நாள்ல குடுத்தா அவருக்குப் போய்ச் சேராதும்மா. சொல்லட்டுமா?"

"சொல்லுங்கண்ணே."

"புதன். மத்தியானத்துக்கு மேல."

அவள் புதன்கிழமைத் தாளைப் பார்த்தாள். அவள் விரல் மெதுவாகத் திங்களுக்கு நகர்ந்து, செவ்வாயில் நின்றது.

"அப்போ ரெண்டு நாளு..." என்றாள். திங்கள் தாளின் மடிந்த முனையை நிமிர்த்தியபடி, "நாந்தான் கப்பல் ஏறிட்டாருன்னு சொன்னேன்," என்றாள்.

"கப்பல் நாளும்மா. நானா இருந்தாலும் அதத்தான் சொல்லிருப்பேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குத் தேவலையாக இருந்திருக்கும். தகரக் கூரை வெயிலில் படபடத்தது.

ஐயாவு புதன்கிழமைத் தாளை மட்டும் எடுத்து நான்காக மடித்து, இரண்டு கைகளாலும் அவளிடம் கொடுத்தார். வியாழன், வெள்ளி, சனியை அடுக்கி அதன்மேல் வைத்தார். பாக்கித் தாள்களுக்காக அவள் கை நீட்டினாள். திங்களையும் செவ்வாயையும் அவர் தன் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.