தீவு நாட்டுப் பாம்பு

பசிபிக் கடலில் ஒரு குட்டித் தீவு நாடு. எங்கள் ஊர் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு அந்த நாட்டு ஜனம் மட்டும் வந்தால் சுண்டல் வியாபாரம் படுத்துவிடும். அந்த நாடு, சீனர்களின் பாம்பு ஆண்டுக்காக ஒரு தங்க நாணயம் வெளியிட்டது. அதைக் கொடுத்து அங்கேயே யாரும் ஒரு தேங்காய்கூட வாங்குவதில்லை. என்னைப் போன்ற சேகரிப்புப் பைத்தியங்களை நம்பித்தான் அச்சடிக்கிறார்கள். சட்டைப் பொத்தான் அளவில், படமெடுத்த பாம்பு. ஆசைப்பட்டு வரவழைத்துவிட்டேன்.

இதையெல்லாம் கையால் தொடக்கூடாது. விரல் ரேகை பட்டாலே மதிப்பு போய்விடும். பிளாஸ்டிக் டப்பாவோடு வைத்துத்தான் ரசிக்க வேண்டும். வீட்டில் சொன்னால் எதுக்கு என்று கேள்வி வருமே என்று பீரோவில் வேட்டிக்கு அடியில் வைத்திருந்தேன்.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் குளியலறைக்கு ஒரு பாம்பு வந்து போனது. எங்கள் சங்கரன்கோவிலில் பாம்பு கண்ணில் பட்டால், பாம்பு உருவம் பதித்த தகடு வாங்கிக் கோயில் உண்டியலில் போடுவது வழக்கம். என் மனைவி நேர்ந்துகொண்டு, தகடு வாங்கி வரச் சொல்லி என்னை அரித்தெடுத்தாள்.

“பாம்பு அதுபாட்டுக்குப் போயிட்டு. அதுக்கு எதுக்கு லஞ்சம்?” என்று கேலி செய்தேன். அவளோ டார்ச் அடித்துப் பார்க்காமல் குளியலறையில் காலே வைப்பதில்லை.

ஒரு திங்கட்கிழமை வேலை முடிந்து வந்தால், வீடெல்லாம் பாயச வாசம்.

“வேட்டிக்கு அடியில ஒளிச்சு வச்சா எனக்குத் தெரியாதாக்கும்” என்றாள் மனைவி.

பீரோவைத் திறந்து வேட்டியைத் தூக்கிப் பார்த்தேன். “அது எங்க இப்போ?”

“காலையிலயே உண்டியல்ல போட்டாச்சு. டப்பாவோட சாமிக்குப் போடக்கூடாதுல்லா? அரிவாள்மணையில வச்சு நெம்பி எடுத்தேன். புளி போட்டுத் தேச்சதும் என்னா மினுமினுப்புங்கிய.”

நாணயம் போனதைவிட அந்தப் புளிதான் என் நெஞ்சை அறுத்தது. உண்டியலைத் திறக்கச் சொல்லிக் கேட்கலாமா என்று மனம் கோயில் அலுவலகம் வரை ஓடித் திரும்பியது. அது என்ன நாணயம், என்ன விலை என்று சொல்லித் திட்டித் தீர்க்க வாயைத் திறந்தேன்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “வெள்ளித் தகடே போதும்னு இருந்தேன். வாய்க்கு வாய் கேலி பண்ணிட்டு, எனக்காவ தங்கத்துலயே வாங்கி வச்சிருக்கியளே. இன்னிக்குத்தான் பயமில்லாமக் குளிச்சேன்.”

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. வெட்கமாக இருந்தது. பிடித்தும் இருந்தது.

“இன்னும் பெரிசாத்தான் தேடுனேன்” என்றேன். “கெடைக்கல.”