கழுத்தில் கறுத்த வளையம்

எரியோட்டுப் பக்கம் மழை பொய்த்த வருஷங்களில் அங்காளம்மாள் வீட்டு அடுப்பில் சோளக்கஞ்சியைத் தவிர வேறொன்றும் கொதிக்கவில்லை. 1958 கோடையில் அவள் கைகளும் கழுத்தும் தீயில் வாட்டியதுபோலக் கறுத்துத் தோல் உரிந்தன. வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. இருபத்தாறு வயதில் கிழவிபோலச் சுவரைப் பிடித்து நடந்தாள்.

ஊர் அதைப் பெருநோய் என்றது. புருஷன் மலைச்சாமி பயந்துபோய், இரண்டு வயது மகள் பொன்னழகைச் செம்பட்டியில் இருந்த தன் அக்கா சின்னக்கண்ணுவிடம் விட்டுவந்தான். புறப்படும்போது பிள்ளை கை நீட்டியது. அங்காளம்மாள் தன் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

மழைக்காலத்தில் சற்றுத் தேறுவாள். வெயில் ஏறினால் தோல் மறுபடி வெடிக்கும். மூன்றாம் வருஷம் திண்டுக்கல்லுக்கு வந்த புது டாக்டரம்மாவிடம் மலைச்சாமி அவளை அழைத்துப் போனான். அந்தம்மா தயங்காமல் அவள் கையைப் பிடித்துப் பார்த்தார்.

“இது பெருநோய் இல்லம்மா, யாருக்கும் ஒட்டாது. தின்ன சோறு தெம்பா மாறணும்னா உடம்போட ஒவ்வொரு உயிரணுவுலயும் துணைநொதின்னு ஒண்ணு வேலை செய்யணும். அதை உண்டாக்குற சத்து வெறும் சோளத்துல போதாது.”

மாத்திரை கொடுத்து, நிலக்கடலையும் பருப்பும் கீரையும் சேர்க்கச் சொன்னார். துணைநொதி அவளுக்குப் பிடிபடவில்லை. ‘ஒட்டாது’ என்ற சொல் மட்டும் காதில் நின்றது.

“போன வயசு திரும்புமா, டாக்டரம்மா?”

“தெம்பு திரும்பும். மூப்பு ஏன் வருதுன்னு இன்னும் ஆராய்ச்சிதான் பண்றாங்க.”

தோல் தெளிந்ததும் முதல் வேலையாகச் செம்பட்டிக்குப் போனாள். பொன்னழகு சின்னக்கண்ணுவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, “யாரும்மா இது?” என்றாள்.

சின்னக்கண்ணுவுக்குக் கண் கலங்கிவிட்டது. “ஒன்னப் பெத்த ஆத்தா. கிட்டப் போ.”

பிள்ளை போகவில்லை. எரியோட்டுக்குக் கூட்டிவந்தபோது அழுது அழுது காய்ச்சல் கண்டது. அங்காளம்மாளே திரும்பக் கொண்டுபோய் விட்டாள்.

“ஒங்ககிட்டயே இருக்கட்டும் மதினி. நான் வந்து வந்து பாத்துக்கிறேன்.”

அப்படித்தான் போய்வந்தாள். முதலில் பக்கத்தில் உட்கார விட்டாள் மகள். பிறகு தலைபின்ன விட்டாள். பள்ளிக்கூட லீவுக்கு எரியோட்டுக்கு வரவும் தொடங்கினாள். ராத்திரி அவள் தூங்கியபின் அந்தச் சின்னக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொள்வாள் அங்காளம்மாள்.

பெரியவளான பிறகும் மகள் அவளை “எரியோட்டம்மா” என்றே அழைத்தாள். பிரியமாகத்தான் அழைத்தாள். ஊர்ப்பெயர் இல்லாமல் ஒரே ஒரு தடவை கூப்பிட மாட்டாளா என்று, லீவு முடிந்து அவளைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும் வழியெல்லாம் அங்காளம்மாளுக்கு இருக்கும்.