தண்ணீர் நிற்காத மனை

தாராவிக்காரர்கள் ஒரு மனையைப் பார்த்தால் முதலில் கேட்பது, மழைக்குத் தண்ணீர் நிற்குமா என்றுதான். தோல் பட்டறையில் உழைத்துத் தேய்ந்த என் அப்பாவும் அப்படித்தான். வருடாவருடம் கட்டர் நிறைந்து சாக்கடைத் தண்ணீர் எங்கள் அறைக்குள் புகுந்துவிடும். அம்மாவுக்கு நெஞ்சுச்சளி, ஈரத்தரையில் இன்னொரு மழைக்காலம் தாங்கமாட்டாள். அவளுக்காகவே தெற்கே திசையன்விளைப் பக்கம் ஒரு மனை வாங்கினார்.

"அம்புட்டு மழையும் ஒரு குழிக்குள்ள எறங்கிப் போவுதுட்டி. சொட்டு நிக்கல. ஏக்தம் ஃபஸ்ட் கிளாஸ் எடம்."

எந்தக் குழி என்று கேட்டேன். செம்பூரில் ஒரு கல்லூரியில் நிலவியல் நடத்துகிறவள் நான். அந்தப் பக்கம் பல இடங்களில் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை வாங்கி லேசாகப் புளிக்கும். அந்தப் புளிப்பு வெடிப்புகளில் இறங்கிக் கல்லைக் கரைக்கும். வெடிப்பு வாய்க்காலாகும், வாய்க்கால் குகையாகும், குகையின் கூரை விழுந்து பள்ளமாகும். பள்ளங்கள் ஒன்றோடொன்று சேரும், நடுவில் நிற்கும் குன்றுகளும் தேயும். லட்சக்கணக்கான வருடங்களில் நிலத்தடி நீர்மட்டம் வரை எல்லாம் கரைந்து கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளியாகிவிடும். கரையாத செம்மண் மேலே மூடியிருப்பதால் பார்க்க வெகு சாது. அடியில் கரைவது நிற்பதே இல்லை.

எல்லாம் சொன்னேன். அப்பா சிரித்தார். "லச்சம் வருசத்துக்கு நாம இருக்கவா போறோம்?"

"கரையத்தாம்ப்பா லட்சம் வருசம். விழ ஒரு மழை போதும்."

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை; அங்கேயே வீடு கட்டி அம்மாவோடு குடிபோனார். சாக்கடையே வேண்டாம் என்ற பெருமையில் மொட்டைமாடிக் குழாயையும் அடுப்படித் தண்ணீரையும் அதே குழிக்குள் விட்டார். தாராவியில் பிறந்த புத்தி வேறெங்கே போகும்?

ஒரு கார்த்திகை மழையில் அடுப்படித் தரை உள்ளே போனது. அம்மா அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். அவளை வெளியே எடுக்கும்போது உயிரில்லை. எனக்கு இன்றுவரை அப்பாமேல் கோபம் தீரவில்லை. அதைக் காட்டவும் மனமில்லை.

அவரைத் திரும்பத் தாராவி அறைக்கே கூட்டிவந்தேன். ஜூலையில் வழக்கம்போல் அறைக்குள் தண்ணீர் புகுந்தது. நான் வாளியை எடுத்தேன்.

"எறைக்காதட்டி. நிக்கட்டும்," என்றார்.

கட்டிலில் உட்கார்ந்தபடி, கலங்கிய தண்ணீருக்குள் காலை விட்டுத் தரையை மெல்லத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.