அப்பாவும் ஊதவேண்டும்

தக்கலைக்குப் பக்கத்தில், கேரளாவுக்குக் கல் ஏற்றிப்போகும் லாரி ஆபீஸில் எனக்கு வேலை. சாவி கொடுப்பதற்கு முன் டிரைவர்களைக் குடி மிஷினில் ஊதவைப்பதும் என் பொறுப்புதான். மற்றவர்கள் எப்போதாவது ஊதினால் போதும். ஒரே ஒருவர் மட்டும் தினமும் ஊத வேண்டும். அவர் என் அப்பா.

குடித்துவிட்டு ஓட்டி ஒருமுறை போலீஸில் மாட்டியவர். லைசன்ஸை ஆறு மாதம் முடக்கிவைத்தார்கள். அந்தக் கேஸ் எங்கள் கம்ப்யூட்டரில் அவர் பெயருக்கு நேரே சிவப்பில் நிற்கிறது. அதற்குப் பிறகு அவர் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. ஆனாலும் இன்னொரு தடவை மாட்டினால் அவ்வளவுதான். மிஷினைப் படம் எடுத்து லாரி முதலாளிமாரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட வேண்டும். பிறகு இந்த வட்டாரத்தில் யாரும் அவரை நம்பி வண்டி தரமாட்டார்கள்.

காலையில் நான் குழாயை நீட்டுவேன், அவர் ஊதுவார், சைபர் காட்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள மாட்டோம்.

அன்றைக்கு மிஷின் கத்தியது.

நின்றிருந்த டிரைவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சற்று முன்தான் அவருடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறேன். வண்டி ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. அதெல்லாம் நினைவில் வந்தால்தானே!

"குடிச்சியளா?"

"இல்ல மக்கா. முதுகு வலிக்குன்னு அம்மை அரிஷ்டம் தந்தா. அதக் குடிச்சிட்டுதான் எறங்குனேன்."

"போலீஸ்ல மாட்டுனப்பவும் மருந்துன்னுதான் சொன்னிய. வெக்கமா இல்லியா ஒங்களுக்கு?"

எல்லார் முன்னாலும் கேட்டேன். கேட்டதோடு விட்டேனா? அம்மாவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. மகள் அப்பனைக் காப்பாற்றுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே, அதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. படம் எடுத்துக் குழுவில் போட்டேன்.

மேனேஜர் வெளியே வந்தார். "ரெண்டாவது ஊதவச்சியா?"

ஊதவைக்கவில்லை. மிஷின் கத்தினால் வாய் கொப்புளிக்கச் சொல்லி, கால் மணி நேரம் நிறுத்திவைத்து மறுபடியும் ஊதவைக்க வேண்டும். அதுதான் முறை. புளிக்கவைத்துச் செய்கிற அரிஷ்டத்தின் நெடி வாயில் நின்றால் மிஷின் தப்பாகக் காட்டும் என்று எனக்குத் தெரியாதா? வேறு யாராக இருந்தாலும் தண்ணீர் பாட்டிலை நானே நீட்டியிருப்பேன்.

அப்பா கொப்புளித்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை, சுவரோரம் நின்றார். மறுபடி ஊதினார். சைபர்.

மன்னிப்புக் கேட்டு அந்தப் படத்தையும் போட்டேன். அதற்குள் ஒரு முதலாளி எழுதியிருந்தார்: "இவனெல்லாம் திருந்த மாட்டான்." அதை அழிக்க என்னால் முடியாது. அப்பா சாவியை வாங்கிக்கொண்டு லோடு ஏற்றப் போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் காலையில் அம்மா அரிஷ்டத்தை மூடியில் ஊற்றி நீட்டினாள். வேண்டாம் என்றார். இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் செருப்பு மாட்டினார். ஸ்கூட்டரை எடுக்கப் போனவர் என்ன நினைத்தாரோ, திரும்பி வந்து என் முகத்துக்கு நேரே குனிந்து வாயைத் திறந்தார்.

"மோந்து பாத்துக்க மக்கா. அங்க வச்சு ஏசாண்டாம்."

சீ, நானெல்லாம் ஒரு மகள்! அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். நான் தலையை ஆட்டும்வரை அவர் வாயை மூடவில்லை.