காட்டுக்கு ஈடாக ஒன்பது சுற்று

வழி சொல்லுகிற தொழிலில் ஒரு வசதி உண்டு: சொல்லுகிறவன் நடக்க வேண்டியதில்லை.

கேரளத்து மறையூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. வருடம் முழுக்க ஆதார் நகலும் ரேஷன் கார்டு நகலும்தான். மார்கழி பிறந்தால் மட்டும் இன்னொரு வேலை சேர்ந்துகொள்ளும். தேவிகுளம், மூணார் பக்கத்து எஸ்டேட்டுகளிலிருந்து பழனிக்குத் தனியாக நடந்து போகிறவர்களுக்கு வழித்தாள் எழுதிக் கொடுப்பேன். கூட்டமாகப் போகிறவர்களுக்கு அது தேவைப்படாது. அவர்களுக்கு முன்னால் ஒரு வேன் போகும், வேனுக்குள் அண்டாவும் சமையல்காரரும் இருப்பார்கள். தனியாளுக்குத்தான் எங்கே திரும்புவது, எங்கே தண்ணீர், எங்கே தலை சாய்ப்பது என்று எல்லாமே கேள்வி. கையில் போன் இருக்கிறதே என்பீர்கள். போன் நன்றாகத்தான் வழி காட்டும், காடு வரைக்கும். அதற்குப் பிறகு டவர் கிடையாது.

நான் அந்த வழியை நடந்ததில்லை. முட்டி சரியில்லை என்று சொல்லிக்கொள்வேன். நான் எழுதியதெல்லாம் ரங்கசாமி அண்ணன் சொன்னது. அவர் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். மறையூரில் கரும்புக் காட்டைக் குத்தகைக்கு எடுத்து, சர்க்கரை காய்ச்ச ஆலைக் கொட்டகை போட்டு, இங்கேயே தங்கிவிட்டவர். வருடா வருடம் பழனிக்குத் தனியாக நடந்தவர் என்பது ஊருக்கே தெரியும். அப்படித்தான் அவர் சொல்லியிருந்தார்.

அவர் சொன்னதில் ஒரு சங்கதியைப் பல வருடங்களாகச் சந்தேகப்பட்டு வருகிறேன். சந்தேகப்பட்டுக்கொண்டேதான் எழுதியும் கொடுத்தேன். யாருக்காவது வழி சொல்லி அனுப்பிவிட்டு, சரியாகத்தான் சொன்னோமா என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கை ஓடாமல் உட்கார்ந்திருந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நாம் ஒரே சாதி.

பத்து நிமிஷம்

முதல் வழித்தாளை வாங்கிக்கொண்டு போனவர் ஓர் எஸ்டேட் பள்ளிக்கூட வாத்தியார். அண்ணன் சொல்லச் சொல்ல நான் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தேன். “காடு முடிந்ததும் பத்து நிமிஷத்தில் ஒரு டீக்கடை. அங்கிருந்து கால் மணி நேரத்தில் ஒரு பிள்ளையார் கோயில், பின்னால் குழாயடி.”

வாத்தியார் போய் வந்து, ஒரு வாரம் கழித்துக் கடைக்கு நொண்டிக்கொண்டு வந்தார். கோபமெல்லாம் இல்லை. தாளை நாலாக மடித்து மேஜைமேல் வைத்தார்.

“அண்ணாச்சி, அந்தப் பத்து நிமிஷத்த நடக்க எனக்கு ரெண்டு மணி நேரம் ஆச்சு. உங்க ஆளு எந்த வண்டியில நடந்தாரு?”

தனியாளுக்கு அறை இல்லை

தங்குமிடம்தான் பெரிய தலைவலி. உடுமலைப் பக்கம் ஒரு லாட்ஜுக்குப் போன் போட்டேன். நடந்து வருகிற ஓர் ஆள், ஒரு ராத்திரி, ஒரு கட்டில் போதும் என்றேன். எத்தனை பேர் என்று மேனேஜர் மறுபடியும் கேட்டார். ஒருத்தர் என்றேன். அப்படியானால் அறை இல்லை என்றார். தனியாக வந்து அறை எடுக்கிறவர்கள் மறுநாள் கதவைத் திறக்காமல் போய்விடுகிறார்கள் என்று எல்லா லாட்ஜுக்காரருக்கும் ஒரு பயம். இவர் வேண்டுதலுக்கு நடக்கிறவர், வாழ ஆசைப்பட்டுத்தான் நடக்கிறார் என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

கடைசியில் அவரே இறங்கி வந்து ஒரு யோசனை சொன்னார். “கூட ஒருத்தர் வந்து கையெழுத்துப் போடட்டும் சார். போட்டுட்டு உடனே திரும்பிப் போயிட்டாலும் எனக்குப் பரவால்ல.”

அதற்குப் பிறகு என் தாள்களில் லாட்ஜ் வருவதே இல்லை. கல்யாண மண்டபத்து வராந்தா, அரிசி மில், ஆள் பேர் தெரிந்த வீடு. இவற்றுக்கெல்லாம் நானே முன்கூட்டிப் போன் போட்டு, இன்னார் இன்ன தேதிக்கு வருகிறார் என்று சொல்லிவைப்பேன். அந்த வேலையை மட்டும் நான் ஒழுங்காகச் செய்தேன் என்று நினைக்கிறேன்.

நாய்கள்

திரும்பி வந்தவர்கள் எல்லோரும் ஒரு விஷயம் தவறாமல் சொன்னார்கள்: நாய். ஊருக்கு ஊர் எல்லை பிரித்து வைத்துக்கொண்டு, ஒரு கூட்டம் கொண்டுவந்து விட்டதும் அடுத்த கூட்டம் வாங்கிக்கொள்ளுமாம். ஒருவர் வேட்டியின் கீழ்ப்பாதியை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

ரங்கசாமி அண்ணன் இவ்வளவு சொன்னாரே, நாயைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பஸ்ஸில் போகிறவனுக்கு நாய் தெரியாது. அந்த நினைப்பு வந்ததும் எனக்கே வெட்கமாக இருந்தது. பெரிய மனிதர், சாமி காரியம். ஆலைக்குப் போய், சிரித்துக்கொண்டே கேட்பதுபோலக் கேட்டேன். கொப்பரையில் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. அவர் நுரையை எடுப்பதை நிறுத்தவில்லை.

“ஏனுங்க தம்பி, கையில முருகன் வேலப் புடிச்சுட்டு நடக்கறவனப் பாத்து நாய் கொரைக்குமுங்களா?”

யானைக்குத் தெரியாது

மறையூர் தாண்டியதும் காடு. செக்போஸ்ட்டுக்கு அப்பால் நடந்து போக விடமாட்டார்கள். தமிழ்நாட்டு எல்லை கடந்து காடு முடிகிறவரை பஸ்ஸிலோ ஜீப்பிலோதான் போக வேண்டும். நடந்தே வருகிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டவர்களுக்கு இது பெரிய இடி. பாதி வழியில் பஸ் ஏறினால் அது என்ன நடைப்பயணம்?

ஒருமுறை ஓர் ஆளுக்காகப் பேசிப் பார்க்க நானே செக்போஸ்ட் வரை போனேன். ஃபாரஸ்ட் கார்டு மலையாளி, நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “ஆனைக்கு உங்க நேர்ச்சையெல்லாம் தெரியாது சேட்டா. பஸ் வரும், கேறிக்கோ.”

வாடிய முகத்தோடு ஆலைக்குப் போய் இதைச் சொன்னபோதுதான் அண்ணன் அந்தச் சங்கதியைச் சொன்னார். காட்டில் பஸ்ஸில் போன தூரத்துக்கு ஈடாகப் பழனியில் கிரிவீதியை, மலையைச் சுற்றி, ஒன்பது தடவை நடக்க வேண்டும். செருப்பில்லாமல், இடையில் உட்காராமல். முடித்துவிட்டுத்தான் படியேற வேண்டும். அப்படிச் செய்தால் முழுத்தூரமும் நடந்த கணக்கு. யார் சொன்னது என்று கேட்டேன். பழனியில் ஒரு வயதான பண்டாரம் தன்னிடம் சொன்னதாகவும், அந்த வருடமே தான் அப்படிச் சுற்றி முடித்ததாகவும் சொன்னார்.

எனக்கு நாய்கள் ஞாபகம் வந்தன. ஆனால் அந்தப் பதில் அவ்வளவு வசதியாக இருந்தது. காட்டுக்கும் நல்லது, சாமிக்கும் நல்லது, எனக்கும் தாளில் எழுத ஒரு வரி கிடைத்தது. எழுதத் தயங்கிய என்னைப் பார்த்து அண்ணன் சொன்னார்: “எழுதிப்போடுங்க தம்பி. நடக்கறவனுக்கு மனசு நெறஞ்சாச் செரி.”

ஒன்பது கோடு

பேச்சியம்மாள் தேவிகுளம் பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர். பணி முடிய இன்னும் இரண்டு மூன்று வருடம் இருந்தது. மகளுக்குக் கல்யாணமாகிப் பல வருடம் கழித்துப் பிள்ளை பிறந்திருந்தது. அதற்காகத் தனியாக நடக்கிறேன் என்று வேண்டியிருந்தார். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னால் பஸ்ஸில் மறையூர் வந்து கடையில் உட்கார்ந்தார். எழுதப் படிக்கத் தெரியாது என்றார். அதனால் படமாக வரைந்து கொடுத்தேன். கோயில் வந்தால் கோபுரம், தண்ணீருக்குக் குழாய், படுக்கிற இடத்துக்கு ஒரு பாய். பெண் தனியாகத் தங்குவதற்கு நாலு வீடுகளில் சொல்லிவைத்தேன். குளிக்க எங்கே, கழிப்பறை எங்கே, எல்லாம் யோசித்தேன். உடம்புக்கு ஏதாவது உண்டா என்று மட்டும் கேட்கவில்லை.

காட்டில் பஸ் ஏற வேண்டும் என்றதும் அந்த அம்மாளின் முகம் இறுகிவிட்டது. “அப்ப குறையாப் போயிருமே தம்பி. பச்சப்புள்ள விஷயம்.” நான் பேனாவை எடுத்து, அப்போதெல்லாம் மற்றவர்களுக்கும் போடுகிற மாதிரியே தாளின் கடைசியில் ஒரு மலை வரைந்து, அதற்குக் கீழே ஒன்பது கோடு போட்டேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கோட்டை அடியுங்கள், ஒன்பதும் அடிபட்டால் குறையில்லை என்றேன். உறுதியாகத்தான் சொன்னேன். என் குரல் எனக்கு இன்னும் கேட்கிறது.

அந்த அம்மாளுக்குச் சர்க்கரை நோய் இருந்தது. கால் மரத்துப்போயிருந்ததால் சுட்டதுகூட முழுதாகத் தெரியவில்லை. நல்ல வெயிலில், தார் ரோட்டில், வெறுங்காலோடு ஒன்பது சுற்றையும் முடித்துவிட்டுப் படியேறியிருக்கிறார். ஊர் திரும்பிய பிறகு ஆஸ்பத்திரியில் இடது காலில் இரண்டு விரலை எடுத்தார்கள். அதை என்னிடம் சொல்ல மகள் கடைக்கு வந்தாள், இடுப்பில் பிள்ளையோடு. சண்டை போட வந்திருக்கிறாள் என்று எழுந்து நின்றேன். அவள் என் மேஜைமேல் இருந்த காகிதக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்கம்மா யார் சொன்னாலும் கேக்காது அண்ணே. எழுதிக் குடுத்தா மட்டும் கேக்கும்.”

லயத்தில்

போய்ப் பார்க்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. எஸ்டேட் லயத்து வீட்டு வாசலில் பேச்சியம்மாள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அந்தக் காலோடு சரிவில் ஏறிக் கொழுந்து பறிக்க முடியாது என்று வேலையை விட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே குரல் கொடுத்துக் கட்டங்காப்பி போடச் சொன்னார். மன்னிப்புக் கேட்பதற்காக நான் வார்த்தைகளை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன்.

நான் தொடங்குவதற்குள் அவரே சொன்னார். நாலாவது சுற்றில் கால் சுட்டதாம். ஆறாவதில் கொப்புளம் கிளம்பிப் பொத்ததாம். வெயில் நேரடியாக அடிக்கிற பக்கத்தில் ஒரு பூக்காரி தண்ணீர் ஊற்றினாளாம். ஏழாவதில் விட்டுவிடலாமா என்று தோன்றியதாம். தாளைப் பார்த்தாராம், இன்னும் கோடு மிச்சம் இருந்ததாம். சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்த அந்தத் தாளை எடுத்து என் கையில் கொடுத்தார். ஒன்பதும் அடிபட்டிருந்தது. கடைசிக் கோடு காகிதத்தைக் கிழித்திருந்தது.

“எண்ணிப் பாத்துக்கோ தம்பி. இப்பக் குறை ஒண்ணும் இல்லயே?”

இல்லை அக்கா என்றேன். வேறென்ன சொல்வது? அண்ணன் சொன்னது பொய் என்றால் அந்த இரண்டு விரலும் ஒன்றுமில்லாததற்குப் போனதாக ஆகிவிடும். அதனால்தான் அண்ணனிடம் நான் கேட்கவில்லை. ஒரு வருடம் போனது, இரண்டு வருடம் போனது. கேட்காதவரை அது உண்மையாகவே இருக்கும் என்பதுபோல நடந்துகொண்டேன். அதற்குப் பிறகு தாள்களில் ஒன்பது கோடு போடவும் இல்லை, போடாததற்குக் காரணம் சொல்லவும் இல்லை.

ஆதிகால வழக்கம்

சென்ற ஆவணியில் ஒரு கல்யாணத்துக்குப் பழனி போயிருந்தேன். கிரிவீதியில் தேங்காய்க் கடை போட்டிருந்த பெரியவரிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். வருகிறவர்கள் எத்தனை சுற்று சுற்றுவார்கள் என்று கேட்டேன். அவரவர் இஷ்டம், ஒன்று சுற்றுவார்கள், மூன்று சுற்றுவார்கள் என்றார். ஒன்பது சுற்றுவது உண்டா என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

“உண்டே! மூணாறு எஸ்டேட்காரங்க சுத்துவாங்க. ஒரு தாள வச்சுக் கோடு அடிச்சுக்கிட்டே சுத்துவாங்க. அது அவங்களுக்கு ஆதிகால வழக்கம்ங்க.”

கொப்பரைக்கு முன்னால்

போன வாரம் பேச்சியம்மாளின் மகளிடமிருந்து போன் வந்தது. பிள்ளை பள்ளிக்கூடம் சேர்ந்துவிட்டான், இந்தத் தைப்பூசத்துக்கு நான் நடக்கப் போகிறேன், ஒரு தாள் வேண்டும் என்றாள். அம்மா பக்கத்தில்தான் இருக்கிறது, பேசுங்கள் என்றாள். பேச்சியம்மாள் நலம் விசாரிக்கக்கூட இல்லை. “தம்பி, அந்தக் கோட்ட மறந்துராத. எனக்குப் போட்ட மாதிரியே ஒம்பதும் போட்ரு. வெயில் இறங்கினப்புறம் சுத்தச் சொல்லிருக்கேன்.”

தாளை வரைந்து முடித்தேன். மலையும் வரைந்தேன். அதற்குக் கீழே பேனா நகரவில்லை. கடையை அரைக் கதவு சாத்திவிட்டு ஆலைக்கு நடந்தேன். என் முட்டி அந்தத் தூரத்தைத் தாங்கத்தான் செய்தது. ரங்கசாமி அண்ணனுக்கு இப்போது பார்வை மங்கல். கொப்பரைக்கு முன்னால் கால் நீட்டி உட்கார்ந்து, வாசனையை வைத்தே பாகின் பதம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பாதங்களைப் பார்த்தேன். பாதத்தைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. “வாங்க தம்பி, இந்த வருசம் எத்தன பேருங்க?” என்றார்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பண்டாரம் உண்மையா, அவர் பெயர் என்ன என்றெல்லாம் கேட்கலாம் என்றுதான் வந்தேன். வழி சொல்லியே காலத்தை ஓட்டிய நான், நடந்தவர்களிடம் மட்டுமே பதில் இருக்கிற கேள்வியை முதல்முறையாகக் கேட்டேன்: “அண்ணே, அந்த ஒன்பது சுத்துல, எத்தனாவது சுத்துல உங்க காலு பொத்துச்சு?”